விமானியாகப் பட்டம் கேட்கவில்லை, பணம்தான் கேட்கிறார்கள்

(பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நமது சங்கத்தின் கல்விக் குழு மும்பையில் நடத்திய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எங்கள் கல்விக் குழுவிடம் வரும் பிள்ளைகளில் சிலர், மெதுவாக, யாரேனும் சிரித்துவிடுவார்களோ என்ற தயக்கத்தோடு ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "பைலட் ஆக என்ன டிகிரி படிக்க வேண்டும்?" பிள்ளை கேட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் தந்தை, "அதெல்லாம் பெரிய படிப்பு, நமக்கு எதற்கு?" என்று முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார். பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறது.

இன்று அந்தக் கேள்விக்கு முழு விடை சொல்ல வந்திருக்கிறோம். ஏனென்றால், "பெரிய படிப்பு" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மை அல்ல. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவைச் சாத்தியிருப்பது படிப்பு அன்று, பணம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் நாம் வீட்டில் செய்ய வேண்டிய வேலையும் நடக்காது. அரசிடம் கேட்க வேண்டியதையும் கேட்க மாட்டோம்.

சட்டம் கேட்பது என்ன?

இந்தியாவில் விமானிகளுக்கு உரிமம் வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். டி.ஜி.சி.ஏ. என்று சொல்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு விமானம் ஓட்ட வேண்டுமானால் சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். இயற்பியலும் கணிதமும் அடங்கிய பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். அவ்வளவுதான். பி.ஏ., பி.எஸ்சி., பி.இ. எதுவும் தேவையில்லை.

நம் காலனியில் எத்தனை பிள்ளைகள் பி.காம். முடித்திருக்கிறார்கள், எத்தனை பேர் பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். படிப்பு வரிசையில் அவர்கள் எல்லோரும் சட்டம் கேட்பதைவிட மேலே நிற்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1990-களின் நடுப்பகுதி வரை இந்த நாட்டில் பத்தாம் வகுப்புத் தேறியவர்களே இந்தப் பயிற்சிக்குப் போக முடிந்தது. அதன் பிறகுதான் பன்னிரண்டாம் வகுப்பும், இயற்பியலும் கணிதமும் கட்டாயமாயின. இந்தியாவில் முதன்முதல் விமானி உரிமம் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் அவருக்கு உரிமம் கிடைத்தது. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக நம் ஜூஹு திடலுக்குத் தபால் மூட்டைகளோடு சிறு விமானத்தை ஓட்டி வந்தவரும் அவரே. அங்கிருந்து அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனவர் நெவில் வின்சென்ட். அந்த டாட்டா கல்லூரிப் பட்டம் பெற்றவர் அல்லர். பட்டம் இல்லாதது அவருக்குத் தடையாக இருக்கவில்லை. ஏன்? பறக்கக் கற்றுக்கொள்ளும் செலவுக்கு அவர் யாரிடமும் கையேந்த வேண்டிய நிலை இல்லை. அன்றைக்கும் இன்றைக்கும் மாறாத உண்மை அதுதான்.

பதினைந்து வயதில் சாத்தப்படும் கதவு

அப்படியானால் நம் பிள்ளைகள் எந்த இடத்தில் நழுவுகிறார்கள்? பத்தாம் வகுப்பு முடிந்து ஜூனியர் காலேஜ் விண்ணப்பம் நிரப்பும் அந்த ஒரு வாரத்தில் நழுவுகிறார்கள்.

சயின்ஸ் எடுத்தால் டியூஷன் செலவு. காமர்ஸ் எடுத்தால் காலையில் கல்லூரி, மாலையில் ஒரு வேலை. குடும்பம் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. போட வேண்டியிருக்கிறது, அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தோடு என்னென்ன கைவிட்டுப் போகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள் என்கிறோம்.

சயின்ஸ் எடுத்தவர்களுக்கும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு சயின்ஸ் பிரிவில் கணிதத்தை விட்டுவிட்டு உயிரியலோடு படிக்கலாம். தமிழ்நாட்டிலும் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று கணிதம் இல்லாத பிரிவு உண்டு. "என் மகள் சயின்ஸ்தான் படித்தாள்" என்று தாய் பெருமையாகச் சொல்வார். ஆனால் மதிப்பெண் பட்டியலில் கணிதம் இருக்காது. கணிதம் இல்லையேல் சி.பி.எல். விண்ணப்பம் நிற்காது. ஆகவே சயின்ஸ் எடுத்தால் மட்டும் போதாது. இயற்பியல், கணிதம் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஏற்கெனவே காமர்ஸ் முடித்த பிள்ளைகள் மனம் தளர வேண்டாம். என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாக இயற்பியல், கணிதம் ஆகிய இரண்டு பாடங்களை மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு அளவில் தனியே எழுதித் தேறலாம். அந்த வழியில் உரிமம் பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். இந்த நிபந்தனையையே தளர்த்தி எல்லாப் பிரிவு மாணவர்களையும் அனுமதிக்கலாமா என்ற ஆலோசனை 2025-இல் செய்தித்தாள்களில் வந்தது. செய்தியை நம்பிப் பாடத்தை விட்டுவிடாதீர்கள். பணம் கட்டும் நாளில் டி.ஜி.சி.ஏ. விதியை எடுத்துப் படித்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

"விமானம் ஓட்ட ஏன் கணிதம்?" என்று ஒரு மாணவர் கேட்டார். ஒரு சிறு உதாரணம் சொல்கிறோம். மணிக்கு 100 மைல் வேகத்தில் நேர் வடக்கே போகிறீர்கள். மேற்கிலிருந்து 20 மைல் வேகத்தில் காற்று வீசுகிறது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஒரு மணி நேரத்தில் 20 மைல் கிழக்கே தள்ளப்பட்டிருப்பீர்கள். இறங்க வேண்டிய ஊர் கண்ணிலேயே படாது. மூக்கைச் சுமார் பதினொன்றரை பாகை மேற்கே திருப்பி ஓட்ட வேண்டும். அது முக்கோணவியல் கணக்கு. மாநகராட்சிப் பள்ளியின் பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே சைன், காஸ்தான்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை பதினோராம் வகுப்பில் திடீரென்று ஆங்கிலத்தில் இயற்பியல் கேட்கிறது. முதல் ஆறு மாதம் புரியாது. புரியாததைப் "படிப்பு வரவில்லை" என்று பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். படிப்பு வராததன்று அது. மொழி மாறியதால் வந்த தடுமாற்றம். விமானிக்கு ஆங்கிலம் கட்டாயம். ரேடியோவில் பேசும் ஆங்கிலத்துக்குத் தனித் தேர்வும் உண்டு. அது கற்றுக்கொள்ளக் கூடியதே. மராத்தி, இந்தி, தமிழ் மூன்றையும் தெருவிலேயே கற்றுக்கொண்ட பிள்ளைக்கு நான்காவது மொழி வராதா?

உரிமம் வரையிலான பாதை

வரிசையாகச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள். முதல் வேலை மருத்துவச் சோதனை. டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சோதனை, பிறகு முதல் வகுப்புச் சோதனை. கண்ணாடி போட்டிருப்பதால் மட்டும் யாரையும் தள்ளிவிட மாட்டார்கள். பார்வை கண்ணாடியால் சரியாக வேண்டும். ஆனால் நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால் தடை வரும். ஆகவே பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். இலட்சக்கணக்கில் கட்டிய பிறகு உடல் தகுதி இல்லை என்று தெரிந்தால் அந்தக் குடும்பம் எழுந்திருக்காது.

அடுத்தது எழுத்துத் தேர்வுகள்: வழியறிதல், வானிலை, வான்போக்குவரத்து விதிகள், விமானத் தொழில்நுட்பம். நூற்றுக்கு 70 எடுத்தால்தான் தேர்ச்சி. இவற்றோடு ரேடியோ தேர்வு. பிறகு பறக்கும் பயிற்சி. மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். 300 கடல் மைல் தொலைவுப் பயணம் ஒன்று, இரவில் ஏறி இறங்கும் பயிற்சி, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி எல்லாம் இதில் அடங்கும். உரிமம் கிடைத்த பிறகு, எந்த வகை ஜெட் விமானத்தில் வேலையோ அந்த வகைக்குத் தனிப் பயிற்சி. கேப்டனாக வேண்டுமானால் 21 வயதும் 1,500 மணி நேரமும் நிறைந்து அடுத்த உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமத்துக்கும் பட்டம் தேவையில்லை.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கேளுங்கள். சரளா தக்ரால் 1936-இல் புடவை கட்டிக்கொண்டு விமானம் ஓட்டி உரிமம் பெற்றார். துர்பா பானர்ஜி 1966-இல் இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியானார். இன்று இந்திய விமானிகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் பெண்கள். உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. "பெண்ணுக்கு எதற்கு" என்ற பேச்சு இந்தத் தொழிலில் எப்போதோ தோற்றுப் போய்விட்டது.

இனி பணக் கணக்கு

உத்தரப் பிரதேசத்தில் அமேதி மாவட்டம் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமி இருக்கிறது. நுழைவுத் தேர்வு பன்னிரண்டாம் வகுப்பு அளவிலானதே. பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் பிற பிற்பட்டோருக்கும் இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் இடம் கிடைத்த கையோடு கட்டணச் சீட்டும் வருகிறது. அந்த அரசுக் கழகத்திலேயே கட்டணம் 45 இலட்சம் ரூபாய் அளவில் போயிருக்கிறது. தனியார் பள்ளிகளிலும் ஏறத்தாழ இதே அளவுதான், சிலவற்றில் இதற்கும் மேல். ஜெட் வகைப் பயிற்சிக்கு அதன் மேல் பத்து இலட்சத்துக்கும் அதிகம். விமான நிறுவனங்களே நடத்தும் பயிற்சித் திட்டங்களில் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தொடுகிறது.

45 இலட்சத்தை 200 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு 22,500 ரூபாய். மாதம் 20,000 ரூபாய் வாங்கும் தொழிலாளியின் ஒரு மாத உழைப்பு, பிள்ளை ஒரு மணி நேரம் பறப்பதற்குப் போதாது. அந்தத் தொழிலாளி உண்ணாமல், உடுத்தாமல், வாடகை கொடுக்காமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்தால் 18 ஆண்டும் 9 மாதமும் ஆகும். தோல் பட்டறையில் நிற்பவருக்கும், விடியற்காலையில் இட்லிப் பாத்திரம் சுமப்பவருக்கும், கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் கணக்கு ஒன்றுதான்.

"வங்கிக் கடன் உண்டே" என்பார்கள். உண்டு. கல்விக் கடனில் பொதுவாக ஏழரை இலட்சம் வரைதான் ஈடு இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் போனால் வீட்டுப் பத்திரம் எங்கே, நிலப் பத்திரம் எங்கே என்று வங்கி கேட்கிறது. நம்மிடம் இருப்பது போட்டோ பாஸ். மூன்று தலைமுறையாக இந்த நகரைக் கட்டிய மக்களிடம் அடகு வைக்க ஒரு துண்டு நிலம் இல்லை. ஊரில் இருக்கும் பங்கு வீட்டை நான்கு அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்டால்தான் ஈடாக வைக்க முடியும். ஆகக் கடனும், ஏற்கெனவே சொத்து உள்ளவனுக்கே கிடைக்கும் கடனாகிவிடுகிறது.

இரண்டு மாநிலங்களுக்கு நடுவே

நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் திட்டத்தில், பட்டியலின மாணவர்களுக்கான முதல் பிரிவுப் படிப்புகளில் விமானிப் பயிற்சியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் அந்த உதவித்தொகையை வழங்குவது மாணவர் எந்த மாநிலத்தவரோ அந்த மாநில அரசு. நம் பிள்ளை எந்த மாநிலத்தவன்? வேலைக்காக மும்பைக்கு வந்த ஆந்திரக் குடும்பத்து மாணவர் ஒருவர் இங்கே மருத்துவக் கல்லூரி இடம் கேட்ட வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டுச் சலுகையைக் கோர முடியாது என்பது தீர்ப்பு. 2018-இல் அதையே மீண்டும் உறுதிசெய்தது. மகாராஷ்டிரம் "நீ தமிழ்நாட்டான்" என்கிறது. தமிழ்நாட்டு அலுவலகம் "நீ இங்கே குடியிருக்கவில்லையே" என்கிறது. நடுவில் பிள்ளை நிற்கிறது.

இதில் நாம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. மத்திய அரசு நிறுவனங்களில் ஒதுக்கீடு கேட்கும்போது பூர்வ மாநிலத்துச் சாதிச் சான்று செல்லும். தந்தைக்குப் பூர்வ மாநிலத்தில் கொடுத்த சான்றைக் காட்டினால், குடியேறிய மாநில அதிகாரியே பட்டியலின, பழங்குடிப் பிள்ளைக்குச் சான்று தரலாம் என்று மத்திய உள்துறை 1982-இலேயே எழுதியிருக்கிறது. ஆகவே அடுத்த முறை ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது தாலுகா அலுவலகத்துக்கும் போய் வாருங்கள். தந்தையின் சான்று வீட்டில் இருக்கட்டும். விமானிப் பயிற்சிக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் உதவும்.

அரசே செலவு செய்யும் வழி

பணமே கேட்காத பாதை ஒன்றும் இருக்கிறது. நம் பக்கத்திலேயே, புனே அருகே கடக்வாஸ்லாவில், தேசியப் பாதுகாப்புக் கழகம் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நுழைவுத் தேர்வு நடத்துகிறது. விமானப் படைப் பிரிவுக்கு இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு பன்னிரண்டாம் வகுப்பு. தேர்வானால் பயிற்சிச் செலவு முழுவதும் அரசுடையது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2021-லிருந்து பெண்களும் இந்தத் தேர்வை எழுதுகிறார்கள். போட்டி கடுமை, படை வாழ்க்கையும் எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் போட்டோ பாஸ் வைத்திருப்பவனின் மகனும் மகளும் மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து எழுதும் தேர்வு அது.

இயற்பியலும் கணிதமும் படித்த பிள்ளைக்கு விமானி வேலை கிடைக்காமல் போனாலும் கை வெறுங்கை ஆகாது. விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் போதும். கோபுரத்தில் அமர்ந்து விமானங்களை வழிநடத்தும் வேலைக்கு விமான நிலைய ஆணையம் பட்டம் கேட்கிறது: இயற்பியலும் கணிதமும் உள்ள பி.எஸ்சி. அல்லது பொறியியல். விமானத்தை ஓட்டுகிறவருக்குப் பட்டம் வேண்டாம், தரையிலிருந்து வழி சொல்கிறவருக்குப் பட்டம் வேண்டும் என்பது வேடிக்கைதான். ஆனால் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது: அந்த இரண்டு பாடங்களைக் கைவிடாதீர்கள்.

எச்சரிக்கையாக இருங்கள்

ஆசை உள்ள இடத்தில் தரகர்கள் வருவார்கள். "ஏவியேஷன் டிகிரி" என்று விளம்பரம் செய்வார்கள். ஏவியேஷனில் பி.பி.ஏ., பி.எஸ்சி. முடித்தால் பட்டம் கிடைக்கும். விமானி உரிமம் கிடைக்காது. பள்ளி டி.ஜி.சி.ஏ. அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் இருக்கின்றன, சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். 2025-இல் டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியபோது, மிக உயர்ந்த தரத்தில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். சான்றிதழைச் "சரிசெய்து" தருகிறேன் என்பவனை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்த விமானிகள் கைதானதை நாடே பார்த்தது.

உரிமம் கிடைத்த மறுநாளே வேலை என்பதும் இல்லை. 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் என்று நிறுவனங்கள் பறப்பதை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் அனுபவமுள்ள விமானிகளும் இருந்தார்கள். கடன் வாங்கிப் படித்த புதியவர்கள் அவர்களோடு போட்டியிட வேண்டியிருந்தது. இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்டுவது எங்கள் வேலை அன்று.

நாம் கேட்பது

ஆகவே தோழர்களே, நம் கோரிக்கைகள் தெளிவானவை. அரசுப் பயிற்சிக் கழகத்தில் ஒதுக்கீட்டு இடம் பெறும் ஏழை மாணவரின் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும். கேரள அரசு பட்டியலின மாணவர்கள் சிலருக்கு விமானிப் பயிற்சிச் செலவைக் கொடுத்திருக்கிறது. ஒரு மாநிலத்தால் முடிந்தது மத்திய அரசால் முடியாதா? உரிமம் பெறும் படிப்புகளுக்கு ஈடு கேட்காமல் கடன் தர வேண்டும். குடிபெயர்ந்த தொழிலாளியின் பிள்ளைக்கு உதவித்தொகை தரும் பொறுப்பு எந்த மாநிலத்துடையது என்பதை இரண்டு அரசுகளும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தில் அறிவியல் சொற்களைப் பழக்கும் தனி வகுப்பு வேண்டும்.

இவற்றைக் கோரிக்கை மனுவாக எழுதியிருக்கிறோம். வாசலில் மேசை மேல் இருக்கிறது, கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர், ஜூனியர் காலேஜ் விண்ணப்பம் நிரப்பும் முன் சங்க அலுவலகத்துக்கு ஒரு மாலை வாருங்கள். கல்விக் குழுத் தோழர்கள் உடனிருந்து நிரப்பித் தருவார்கள். பிள்ளை "பைலட் ஆக வேண்டும்" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். "கணக்கில் எத்தனை மார்க்?" என்று கேளுங்கள்.